நூல் கணக்கில் ஒரு செஞ்சூரியன்

அம்பாசமுத்திரத்தில் குழந்தைகளுக்கு மரத்தில் செப்புச் சாமான் கடைந்து கொடுக்கும் அண்ணாச்சியிடம் மில்லிமீட்டர் என்று சொன்னால் அவர் காதில் விழாததுபோல் இருந்துவிடுவார். நூல் என்று சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார். எட்டு நூல் ஓர் அங்குலம். தச்சர்களும் கடைசல்காரர்களும் இன்றும் அப்படித்தான் யோசிக்கிறார்கள். அவரிடம் 24 சக்கரங்கள் கடையக் கொடுக்கப் போன அன்றுதான், நான் கையால் செய்யவிருந்த மாதிரி டாங்கியை எந்த அளவில் சுருக்குவது என்பது முடிவானது.

செஞ்சூரியன் டாங்கியை 24ல் ஒரு பங்காகச் சுருக்கினால், உண்மையில் ஓர் அடி இருப்பது நான்கு நூலாகிவிடும். மூன்று அங்குலம் ஒரு நூல். உடலின் நீளம் 25 அடி; பன்னிரண்டரை அங்குலம். முன்னால் நீளும் பீரங்கியையும் சேர்த்தால் 32 அடி, பதினாறு அங்குலம். சங்கிலிப் பட்டையின் அகலம் இரண்டடி. சரியாக ஓர் அங்குலம். இங்கிலாந்தில் அதை வடிவமைத்தவர்கள் அடியிலும் அங்குலத்திலும் வரைந்தவர்கள். அதனால் எல்லாம் முழு எண்ணாக வந்து விழுந்தது. பெட்டியில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிகளில் பெரும்பாலானவை 35ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் கால்குலேட்டர் இல்லாமல் ஒரு துண்டு பலகைகூட வெட்ட முடியாது. கையால் செய்யப்போகிறீர்கள் என்றால், உங்கள் ஊர்க் கடைசல்காரர் எந்தக் கணக்கில் பேசுவாரோ அதை ஒட்டியே அளவைத் தேர்ந்தெடுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் கட்டட வரைபடம் வரைபவள். 22 ஆண்டுகளாக மற்றவர்கள் வீட்டுக்குச் சுவர் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு டாங்கி எப்படி வந்தது என்றால், முக்கூடலில் இருக்கும் என் பெரியப்பா வழியாக. அவர் 16வது லைட் கேவல்ரியில் செஞ்சூரியன் ஓட்டியவர். தென்னாட்டுக்காரர்கள் நிறைந்த பழைய படைப்பிரிவு அது. 1965 பாகிஸ்தான் போரைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்த மாட்டார். மீட்டியர் எஞ்சின், 27 லிட்டர், 650 குதிரைத்திறன். போர் விமானத்தில் இருந்த மெர்லின் எஞ்சினின் தம்பி. "அது குடிக்கிற பெட்ரோலுக்கு நம் ஊர் பஸ் எல்லாம் ஒரு வாரம் ஓடும், தாயி" என்பார். சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தவள், 44 வயதில் அதைச் செய்து பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் சொல்ல வேண்டியது இது. செஞ்சூரியன் செய்கிறேன் என்று சொல்வது, குழம்பு வைக்கிறேன் என்று சொல்வதைப் போன்றது. என்ன குழம்பு? 1945ல் வந்த முதல் வண்டிகளில் 17 பவுண்டர் பீரங்கி இருந்தது (குண்டின் எடையை வைத்து வந்த பெயர்). பிறகு 20 பவுண்டர், அதற்கும் பிறகு 105 மில்லிமீட்டர். நம் இராணுவத்தில் 1965ல் ஓடியது ஏழாம் வகை, 20 பவுண்டர் பீரங்கி. இந்தியச் செஞ்சூரியனைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் பரம்வீர் சக்ரா வீரர் அருண் கேத்ரபால் இருந்த 'ஃபமகுஸ்தா' என்ற டாங்கியையே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் படங்களும் கிடைக்கும், பெயரும் உண்டு. நான் 1965 செப்டம்பரை எடுத்துக்கொண்டேன். 8ஆம் தேதி கட்கோர், 11ஆம் தேதி பில்லோரா, இரண்டும் பாகிஸ்தானில் சியால்கோட் பக்கம் நடந்த சண்டைகள். அந்தச் சில நாள்களுக்குள் ஒரு வண்டி எப்படி இருந்திருக்கும் என்று கேட்க ஆரம்பித்ததும், எதை வைப்பது, எதை விடுவது என்ற பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்தது. மீதிப் பாதியை நான் தீர்த்த விதம் தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

ஷீரடிக்குக் குடும்பத்தோடு போனபோது அகமதுநகரில் இறங்கினோம். ஊருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். அங்கே குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. சாமி கும்பிட வந்த இடத்தில் இரும்பைப் பார்க்க வேண்டுமா என்று அத்தை முணுமுணுத்தார். நான் 300 படங்கள் எடுத்தேன். அவற்றில் உருப்படியானவை 40 இருக்கும். மற்றவையெல்லாம் அருகில் நின்று, சாய்வாக, ஆர்வக்கோளாறில் எடுத்தவை. அளவெடுப்பதற்கான படம் என்றால் தள்ளி நின்று, நேருக்கு நேர், பாகத்தின் பக்கத்தில் ஓர் ஆறு அங்குல எஃகு ஸ்கேலை வைத்து எடுக்க வேண்டும். ஸ்கேல் மறந்துபோனால் சோப்புப் பெட்டியாவது வையுங்கள். இன்னொன்று, அருங்காட்சியக டாங்கியின் நிறத்தை நம்பாதீர்கள். ஆண்டுதோறும் அடித்து அடித்து வண்ணம் சங்குபோல் வழவழப்பாக இருக்கும். ஆணித்தலைகூட அதற்குள் மூழ்கியிருக்கும்.

வரைபடம் தயாரானது. 24ல் ஒரு பங்கில் அச்செடுக்க ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டான். எல்லாம் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கிவிட்டது. அதை அப்படியே பிவிசி பலகை மேல் ஒட்டி வெட்டினேன். சக்கரங்களை வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்றோடொன்று இடித்தன. பன்னிரண்டரை அங்குலத்தில் மூன்று நூல் குறைவு. உண்மையான டாங்கியில் அது முக்கால் அடி. 22 ஆண்டு அனுபவம் உள்ள வரைவாளர், தாளில் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் வெட்டியிருக்கிறார். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எந்த வரைபடத்திலும் மூலையில் ஓர் அங்குலச் சதுரம் வரைந்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். நீளம், அகலம் இரண்டையும் அளந்த பிறகே கத்தியை எடுக்கிறேன்.

சக்கரங்களுக்கு வருகிறேன். செஞ்சூரியனில் பக்கத்துக்கு ஆறு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரட்டைத் தட்டாகச் சக்கரங்கள் இருக்கும். ஆக மொத்தம் 24. விட்டம் என் அளவில் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். செப்புச் சாமான் கடைகிற அண்ணாச்சிக்கு இது பெரிய வேலை இல்லை. குழந்தைகளுக்குத் திருகை, ஆட்டுக்கல், குத்துவிளக்கு என்று கண்ணளவில் ஆயிரக்கணக்கில் கடைந்த கை. ஆனால் செப்புச் சட்டியில் ஒன்றுக்கொன்று அரை நூல் வித்தியாசம் இருந்தால் குழந்தை அழாது. டாங்கியில் ஒரு சக்கரம் அரை நூல் சிறிதானால் அது தரையில் படாமல் தொங்கும். அவரே ஒரு வழி கண்டார். பழைய எண்ணெய் டின் தகரத்தில் சக்கரத்தின் பாதி வடிவத்தை வெட்டி, கடையும்போது அதை வைத்து வைத்துப் பார்த்தார். நான் மூன்று பக்கத்தில் எழுதிக்கொண்டு போன குறிப்பைவிட அந்தத் தகரத் துண்டு தெளிவாக இருந்தது.

"மரம் இன்னும் காயவில்லை, ஒரு மாதம் பொறுத்து வாருங்கள் அம்மா" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. பொங்கலுக்குள் டாங்கியைச் சக்கரத்தின் மேல் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. அந்த ரப்பர் மரத்திலேயே கடையச் சொல்லி வாங்கி வந்தேன். மார்ச் மாத வெயிலில் சக்கரங்கள் வாத்து முட்டையாகிவிட்டன. ஒரு திசையில் அரை நூல் சுருக்கம், சிலவற்றில் நடுவில் வெடிப்பு. திரும்பப் போனபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதமாகப் பரணில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் கடம்பு மரத்தை எடுத்துக் காட்டினார். அதில் முப்பது கடைந்து வாங்கினேன், ஆறு உபரி. அந்த ஆறில் நான்கு பயன்பட்டன. கடைந்த மரத்தின் குறுக்குவெட்டில் ரேகை தெரியும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு முறை பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்தால் ரேகை அடங்கிவிடும். வண்ணம் அதற்குப் பிறகுதான்.

சங்கிலிப் பட்டைதான் என்னை ஐந்து மாதம் உட்கார வைத்தது. இரு பக்கமும் சேர்த்து இருநூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள். ஒவ்வொன்றையும் செதுக்குவது நடக்காத காரியம். பல் செட் செய்யும் தோழி ஒருத்தி கைகொடுத்தாள். ஒரே ஒரு கண்ணியை ஒழுங்காகச் செய்து, அதற்குப் பல் அச்செடுக்கும் சிலிக்கான் மாவில் அச்செடுத்தோம். அந்த அச்சில் பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக் கலவையை ஊற்றினோம். சில நிமிடங்களில் இறுகிவிடும், வெட்டலாம், துளையிடலாம், ஒட்டலாம். ஒரே சங்கடம், அவளிடம் இருந்தது எல்லாம் ஈறு நிறம். சமையலறை ஜன்னலில் இளஞ்சிவப்பு ஈறுகளாக வரிசை கட்டிக் காயப் போட்டிருந்தேன். பால்காரர் இரண்டு நாள் ஜன்னல் பக்கம் வரவில்லை. கண்ணிகளைக் கோப்பதற்கு எரிந்துபோன மோட்டாரில் இருந்து உரித்த செம்புக் கம்பி போதும். கோத்த பிறகு சற்றுத் தொய்வு இருக்க வேண்டும். வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டினால் பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு குறுக்கு வழி எடுத்தேன். செஞ்சூரியனின் இரு பக்கமும் இரும்புத் தட்டுகள் பாவாடைபோல் தொங்கும். சங்கிலியின் மேல் பாதி அதற்குப் பின்னால் மறைந்துவிடும். மறைகிற இடத்துக்கு எதற்குக் கண்ணி? மேலே ஓடும் சிறு உருளைகளும் எதற்கு? கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்கு மட்டும் செய்துவிட்டு, தட்டுகளை ஒட்டி மூடினேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

சின்னச் சாமான்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூண்டான சுழல்கூண்டின் இரு பக்கமும் ஆறாறாகப் புகைக் குண்டுக் குழல்கள் இருக்கும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ரீஃபில்லை வெட்டினால் பன்னிரண்டும் தயார். பெரிஸ்கோப் கண்ணாடிக்குப் பழைய எக்ஸ்ரே படம். சுழல்கூண்டைக் குமிழ் மரத்தில் செதுக்கினேன். அசலில் அது வார்ப்பு எஃகு, அதனால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். கார் பட்டியைத் தின்னரில் கரைத்துப் பழைய பல் தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் அந்தத் தோல் வந்துவிடும். பீரங்கியின் அடிப்பகுதியை மூடும் கித்தான் துணிக்கு முதலில் பழைய வேட்டித் துணியை வைத்தேன். துணியின் இழையை 24 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். பத்தமடைப் பாயைச் சுற்றியதுபோல் இருந்தது. முகம் துடைக்கும் மெல்லிய தாளை ஃபெவிகாலில் நனைத்து மடித்தபோதுதான் துணி துணியாகத் தெரிந்தது.

வண்ணம் அடிப்பதற்கு முன்னால் பெரியப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது எந்தத் தெய்வத்தின் புண்ணியமோ. அட்டைப் பெட்டியில் வைத்து, முக்கூடல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அவர் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் தூக்கிப் பார்த்தார். "கனமே இல்லையே" என்றார். பிறகு பீரங்கியை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "இந்த இடத்தில் ஒரு பருத்த உருளை இருக்குமே, எங்கே?"

குழலின் நடுவே இருக்கும் புகை நீக்கி. சுட்டபின் குழலுக்குள் தங்கும் புகையை வாய் வழியாக வெளியே இழுத்துத் தள்ளுவதற்கானது. நான் வைத்து வரைந்த படம், அது இல்லாத முந்தைய வகையின் குழல். "அது இல்லாவிட்டால் சுடுகிறவன் இருமியே செத்துப்போவான்" என்றார். பேட்டையில் ஒரு பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கிய குழல் அது. வீணாக்க மனம் வரவில்லை. பழுப்புத் தாளில் ஃபெவிகால் தடவி நடுவில் இறுகச் சுற்றி, காய்ந்ததும் தேய்த்து உருளையாக்கிவிட்டேன். பித்தளையா தாளா என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்து அவர் பக்கத் தட்டைத் தட்டினார். "முன்னால் உள்ள தட்டு இடது பக்கம் கிடையாது."

"எல்லாப் படத்திலும் இருக்கிறதே பெரியப்பா?"

"படத்தில் இருக்கும். என் வண்டியில் இல்லை. கரும்புக் காட்டுக்குள் போனபோது பிய்ந்து போனது. எடுக்கவா இறங்க முடியும்?"

அந்தத் தட்டுக்குப் பின்னால்தான் கண்ணி இல்லாத என் வெறுமை இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தட்டைப் பிளேடால் நெம்பி எடுத்து, தோழியிடம் மறுபடி போய், இன்னும் முப்பது ஈறுகளை ஊற்றிக்கொண்டு வந்தேன். உருளைகளும் கடைய வேண்டியிருந்தது. அண்ணாச்சி சிரிக்காமல் கடைந்து கொடுத்தார்.

பெரியப்பா சொன்ன கனத்தையும் சும்மா விடவில்லை. அசல் எடை 51 டன். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 24 மடங்கு சுருங்கினால் எடை 13,824 மடங்கு குறையும். மூன்றே முக்கால் கிலோ வருகிறது. என் டாங்கி ஒரு கிலோவைச் சற்றே தாண்டியது. உவரியில் மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் வாங்கி வந்து, அடித்தளம் முழுக்க எம்-சீல் வைத்து அடைத்தேன். அன்று இரவே மூங்கில் குச்சி அச்சுகள் இரண்டு முறிந்து, டாங்கி ஒரு பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. உபரிச் சக்கரங்கள் நான்கு பயன்பட்டது அப்போதுதான். அச்சுகளை எல்லாம் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் ஸ்போக் கம்பி போட்டேன். கனமாக்குகிற எண்ணம் இருந்தால் அச்சிலிருந்து தொடங்குங்கள், வயிற்றிலிருந்து வேண்டாம்.

வண்ணம் பற்றிச் சுருக்கமாக. ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் ஸ்பிரே அடிக்காதீர்கள். நம் ஊரில் அந்தக் காற்று வண்ணத்தைப் பாதி வழியிலேயே உலர்த்திவிடும். டாங்கியின் மேல் விழுவது வண்ணப் பொடி, கூடவே தெருப்புழுதி. உரித்துவிட்டு, காலை ஆறு மணிக்குக் குளியலறைக்குள் வைத்து அடித்தேன். பிரிட்டிஷ் இராணுவத்தின் கரும்பச்சையை வாகன வண்ணம் கலக்கும் கடையில் கலந்து வாங்கினேன். அதை அப்படியே பூசினால் சிறிய உருவத்தில் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளையும் காவியும் கலந்து வெளிற வைக்க வேண்டும்.

புழுதிக்கு என்னிடம் உசத்தியான மண் இருப்பதாக நினைத்தேன். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண், மிளகாய்ப் பொடி நிறம். டீ வடிகட்டியில் சலித்து, சங்கிலியிலும் தட்டிலும் ஒட்டி, அழகு பார்த்து, மறுபடி முக்கூடல் போனேன்.

பெரியப்பா ஒரு பார்வைதான் பார்த்தார். "இது எந்த ஊர் மண்?" என்றார். "அங்கே இந்தச் சிவப்பு கிடையாது. சாம்பலும் பழுப்பும் கலந்து, கோதுமை மாவு மாதிரி இருக்கும். கண்ணுக்குள், சோற்றுக்குள், எல்லா இடத்திலும் போகும்." எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் நடந்தார். தாமிரபரணி வற்றி ஒதுங்கிய இடத்தில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பாளத்தை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கி ஊதினார். "இது கிட்டத்தட்ட வரும்."

அந்தப் பொடியைத் தின்னரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் மேட்டுப் பகுதிகளில் மட்டும் துணியால் துடைத்தேன். கீழே கனமாக, மேலே போகப் போக மெல்லியதாக. ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் மண் தேய்ந்து, வண்ணமும் தேய்ந்து, அடியில் உள்ள இரும்பு கொஞ்சம் மினுங்க வேண்டும். அதற்குப் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும். எங்கே ஏறினீர்கள், எங்கே கால் வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டுத்தான் தேய்த்தேன். அவர் காட்டிய இடங்களில் இரண்டை நானாக ஊகித்திருக்கவே மாட்டேன்.

மூன்றாவது முறை கொண்டுபோனபோது ஆவணி பிறந்துவிட்டது. தொடங்கி 14 மாதம். இப்போது மூன்றே முக்கால் கிலோ இருந்ததால் அவரால் ஒரு கையில் தூக்க முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். முன்பக்கம் வலது ஓரத்தில் ஓட்டுநர் இறங்கும் கதவு இரண்டு இருக்கும். நகத்தை விட்டு அதை நெம்பிப் பார்த்தார்.

"திறக்காதா?"

"ஒட்டிவிட்டேன் பெரியப்பா. உள்ளே ஈயக் குண்டுதான் இருக்கிறது."

அவர் தலையை ஆட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. பெரியம்மா காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பும்போது நானே கேட்டேன், உட்காருகிற இருக்கைக்கும் முன் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று. அவர் திண்ணையில் சற்று முன்னால் நகர்ந்து, முதுகை நிமிர்த்தி, இரு கைகளையும் இல்லாத நெம்புகோல்கள் மேல் வைத்தார். முழங்கால் எங்கே இடிக்கும் என்று காட்டினார். டேப்பை எடுத்து அளந்தேன். 21 அங்குலம். ஏழு நூல்.

கதவை வெட்டி எடுத்தாகிவிட்டது. ஈயக் குண்டுகளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.